வாசலில் பத்து ஜோடி

குவைத்தின் ஃபஹாஹீலில் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி நிற்கும் ஆறு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில், ஆவுடைச்செல்வியின் வகுப்பு மாலை நாலரை மணிக்குத் தொடங்கும். பத்துப் பிள்ளைகள் வருவார்கள். பதினோராவதாக அவளுடைய மகள் பூர்ணகலா உட்காருவாள். எல்லாரும் பன்னிரண்டாம் வகுப்பு. பிள்ளைகள் கும்பலாக வரக் கூடாது. இருவர் இருவராக, மூன்று நிமிட இடைவெளி விட்டு வர வேண்டும். லிஃப்டில் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால், பூர்ணாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள் ஆவுடைச்செல்வியை ‘மிஸ்’ என்று அழைக்கலாம். கடைத்தெருவில் கண்டால் ‘ஆன்ட்டி’தான்.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் காரணம் ஒன்றே. ஆவுடைச்செல்வி அந்த நாட்டில் வேலை செய்யக் கூடாதவள். அவளும் மகளும் அங்கே தங்குவதற்கான அனுமதி, கணவன் சங்கரலிங்கத்தின் வேலையைப் பற்றிக்கொண்டு நிற்பது. மனைவி என்ற ஒரே தகுதியில் கிடைத்த அனுமதியை வைத்துக்கொண்டு கட்டணம் வாங்கித் துணி தைத்தாலும் குற்றம், கணக்குச் சொல்லிக்கொடுத்தாலும் குற்றம். முந்தைய ஆண்டு, பின்தெருவில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த நெல்லூர்க்காரப் பெண் ஒருத்தி பிடிபட்டாள். ஒன்பதாம் நாள் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் விமானம் ஏற்றிவிட்டார்கள். மூத்தவனுக்கு அரையாண்டுத் தேர்வு பாதியில் நின்றது. கணவன் இப்போது ஆறு பேரோடு ஒரே அறையில் கிடக்கிறான். அவளுடைய தையல் இயந்திரம் தெருக்குப்பைத் தொட்டியருகே நான்கு நாள் நின்றது. நல்ல இயந்திரம்தான், ஆனால் எடுக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

இது எல்லாம் தெரிந்தும் ஏன் இந்த வேலை என்று சங்கரலிங்கம் பலமுறை கேட்டிருக்கிறான்.

“நீங்க ஆலையில வால்வப் பாக்குதீங்க, கேஜப் பாக்குதீங்க. நான் வீட்ல ஒக்காந்து குக்கர் விசில எண்ணிக்கிட்டு இருக்கணுமாக்கும்?” என்பாள் அவள்.

ஆவுடைச்செல்விக்கு நாற்பத்தாறு வயது. சங்கரன்கோவிலில் பிறந்து, பாளையங்கோட்டையில் கணிதத்தில் முதுகலை முடித்து, ஒரு பெண்கள் கல்லூரியில் மூன்று ஆண்டு விரிவுரையாளராக இருந்தவள். திருமணமாகிக் குவைத்துக்கு வந்த பிறகு, முதல் இரண்டு ஆண்டு பக்கத்து ஊரான மங்காஃபில் ஒற்றைப் படுக்கையறை வீடு. சுத்திகரிப்பு ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சங்கரலிங்கம் கருவி மேற்பார்வையாளன். விடியற்காலை நாலே முக்காலுக்கு அவனை நிறுவனப் பேருந்து வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். மீதிப் பகல் முழுவதும் அவளுக்கும் ஜன்னலுக்கும்தான் பேச்சு. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியும் மூன்று டிஷ் ஆன்டெனாக்களும் தெரியும். அந்த ஆன்டெனாக்களின் வளைவைப் பார்த்து மனத்துக்குள் சமன்பாடு எழுதித் தீர்த்த நாட்கள் உண்டு.

வகுப்பு அவளாகத் தேடிப் போனதன்று. ஐந்தாண்டுக்கு முன், கீழ்த்தளத்தில் இருந்த மலையாளி நர்ஸ் ஒருத்தி, கணக்கில் தோற்ற மகளைக் கையோடு அழைத்துவந்து சோபாவில் உட்கார்த்திவிட்டு அழுதாள். அந்தப் பெண் மறு தேர்வில் தொண்ணூற்றொன்று வாங்கியது. அடுத்த மாதம் நான்கு பேர் வந்தார்கள். அவள் மாட்டேன் என்றாள். அதற்கடுத்த வாரம் அதே நான்கு பேர் மறுபடி வந்தபோது, உட்காருங்கள் என்றாள்.

தொடங்கிய பிறகு எதையும் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. ஆபத்துக் காலத்துக்கென ஓர் ஒத்திகையே வைத்திருந்தாள். அவள் கைதட்டினால் விளக்கணைய வேண்டும். வெள்ளைப் பலகை சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டும். நோட்டுப் புத்தகங்கள் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்விட வேண்டும். பிறகு ஒருவரும் அசையக் கூடாது. வீட்டில் ஆளில்லை என்று வெளியில் இருப்பவன் நினைத்துக்கொண்டு போய்விட வேண்டும். முழுவதற்கும் நாற்பது விநாடி. ஒவ்வொரு ஆண்டும் புதிய பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இருமுறை இதைச் செய்வித்துவிடுவாள்.

பிப்ரவரி மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. தேசிய தினத்துக்காகத் தெருவிளக்குக் கம்பங்களில் வண்ண விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். கணிதத் தேர்வுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குச் சங்கரலிங்கம் அழைத்தான். அவன் அந்த நேரத்தில் அழைப்பவனல்லன். பேருந்தில் தூங்கிக்கொண்டு வருபவன்.

“செல்வி, புள்ளைக வந்திருக்கா?”

“வந்து அரை மணி நேரமாச்சி. என்னங்க?”

“அனுப்பிரு. இப்பவே அனுப்பிரு. நம்ம தெருவுல செக்கிங் நடக்காம். முனையில ரெண்டு வண்டி நிக்குன்னு நம்ம ஆளு ஒருத்தன் போன் பண்ணிச் சொல்லுதான்.”

“எதுக்கு செக்கிங்?”

“எதுக்கா இருந்தா என்ன? பேச்சிலரத் தேடுதானோ, ஜாக்கெட் தைக்கிறவளத் தேடுதானோ. ஒன்னப் பாத்தா சலாம் போட்டுட்டா போவான்?”

“பத்துப் பேரும் ஒண்ணா வாசல்ல எறங்குனா அதுதான் மாட்டிக்கிட வழி. உள்ளயே இருக்கட்டும்.”

“எதச் சொன்னாலும் ஒனக்கு ஒரு தேற்றம் ரெடியா இருக்கும்.”

“இருக்கு. அதான் அஞ்சு வருசமா மாட்டல.”



“பூர்ணா பரீட்சைய நெனச்சிக்கோ,” என்றான் அவன். இணைப்பு அறுந்தது.

அவள் பலகைக்குத் திரும்பினாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். குரலில் மாற்றமில்லை. ஆனால் எழுதுகோலின் மூடியைக் கழற்றி, மூடி, மறுபடி கழற்றினாள். அதைக் கண்ட பூர்ணகலா, தன் புத்தகத்தைச் சத்தமில்லாமல் மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வாசல்புறச் சுவரில் இருந்த இன்டர்காம் ஒலித்தது. கட்டடக் காவலாளி மஹ்ரூஸ். எகிப்தின் சோஹாக் பக்கத்து ஆள். ஏழு ஆண்டாக அந்தக் கட்டடத்தின் தண்ணீர், குப்பை, வதந்தி மூன்றுக்கும் அவனே பொறுப்பு. பிள்ளையின் பெயருக்கு முன் ‘உம்’, அதாவது அம்மா, என்று சேர்த்துத் தாயை அழைப்பது அங்கே மரியாதை; அவளை அவன் வேறு பெயரிட்டு அழைத்ததில்லை.

“உம் பூர்ணா, ரெண்டாவது மாடியில இருக்காங்க. ஏழாம் நம்பர் வீட்ல பலகை வச்சுத் தடுத்து எட்டு ஆம்பளைங்கள வச்சிருக்கான் பாரு ஒரு புத்திசாலி, அவனுக்காக வந்திருக்காங்க. ஆனா எல்லா மாடியும் பாக்கணுமாம். நான் முன்னாடியே சொன்னேன் அவன்கிட்ட, குடும்பம் இருக்கிற கட்டடத்துல பேச்சிலர் கூடாதுன்னு...”

“மூணாவது மாடிக்கு எப்ப வருவாங்க?” என்றாள் அவள், அறிந்த நாலு அரபுச் சொல்லில்.

“லிஃப்டு என் கையிலயா இருக்கு? வெளிய மட்டும் வந்திடாத.”

அவள் கைதட்டினாள்.

நாற்பது விநாடிகூட ஆகவில்லை. விளக்கு அணைந்தது, பலகை திரும்பியது, துணி இயந்திரத்தின் கதவு ‘டக்’ என்று மூடியது. திரைச்சீலை வழியே மங்கலான சாயங்கால வெளிச்சம் கம்பளத்தில் விழுந்தது. பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு தொடங்கி, அடுத்த தெருப் பள்ளிவாசல் அதைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டது. பாங்கு முடிந்ததும் வந்த நிசப்தத்தில் பதினொரு பேரின் மூச்சும் தனித்தனியாகக் கேட்டது.

“மிஸ், மூச்சு விடலாமா?” என்று கிசுகிசுத்தான் ஜெரின். மார்த்தாண்டத்துக்காரப் பையன், எங்கும் வாயடக்கம் இல்லாதவன்.

“விடு. சத்தம் போடாம விடு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே செத்தது.

ஆவுடைச்செல்வி தலைகளை எண்ணினாள். சரியாக இருந்தது. எண்ணிக்கொண்டே கீழே பார்த்தாள். கம்பளத்தின்மேல் வெறுங்கால்கள், காலுறை போட்ட கால்கள், மருதாணி வைத்த கால்கள். 

செருப்புகள் வெளியே இருந்தன.

ஐந்தாண்டில் அவள் நினைத்துப்பார்க்காத இடம் அது ஒன்றே. செருப்பை வாசலுக்கு வெளியே விடுவது என்பது அவளுக்கு ஒரு செயலாகவே தோன்றியதில்லை. பிறந்த வீட்டிலிருந்து கூடவே வந்த பழக்கம். அந்தப் பத்துப் பிள்ளைகளின் வீடுகளிலும் அப்படித்தான். அதனால் ஒத்திகையில் ஒருவர்கூட அதை நினைக்கவில்லை. போதாக்குறைக்கு, அவள் அதிலும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள்: ஜோடி பிரியக் கூடாது, முனை சுவரைப் பார்க்க வேண்டும், வரிசைக்கு ஐந்து. ஆளில்லாத வீட்டின் வாசலில், அணிவகுப்பு போலப் பத்து ஜோடி.

கதவின் கண்ணாடித் துளை வழியே பார்த்தாள். நடை வெறிச்சோடிக் கிடந்தது. கீழ்த்தளத்திலிருந்து ஓர் ஆணின் குரலும், மரப்பலகை பெயர்க்கப்படும் ஓசையும் வந்தன. லிஃப்டின் எண் இரண்டில் நின்றிருந்தது.

“அம்மா, வேண்டாம்,” என்றாள் பூர்ணகலா பின்னாலிருந்து.

“ரெண்டு நிமிசம்.”

கதவைத் திறந்து வெளியே வந்து குந்தினாள். மூன்று ஜோடியை உள்ளே தள்ளினாள். அடுத்த நாலு ஜோடியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தபோது, லிஃப்டின் எண் மூன்று என்று மாறியது. கதவு திறந்தது.

கறுப்பு அபாயா அங்கி அணிந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் எழுதுபலகை வைத்திருந்த ஒரு பெண் முதலில் வெளிப்பட்டாள். பின்னால் இரண்டு ஆண்கள். அவர்களுக்கும் பின்னால் மஹ்ரூஸ். அந்தப் பெண் முதலில் ஆவுடைச்செல்வியைப் பார்த்தாள்; பிறகு அவள் அணைத்திருந்த செருப்புகளை; பிறகு தரையில் இன்னும் ஒழுங்காக நின்றிருந்த மூன்று ஜோடியை.

“இதெல்லாம் யாரோடது?” என்றாள்.

ஆவுடைச்செல்விக்கு அந்த அளவு அரபு புரியும். பதில் சொல்லத்தான் வராது.

“இவங்க ரொம்ப நல்ல மனுஷி, மேடம். ஏழு வருஷமா நான் பாக்குறேன். இவங்க புருஷன்...” என்று தொடங்கினான் மஹ்ரூஸ்.

“உன்கிட்ட நான் கேட்டேனா?” என்றாள் அவள், திரும்பாமலே. “வீட்ல ஆம்பளைங்க இருக்காங்களா?”

ஆவுடைச்செல்வி இல்லையென்று தலையசைத்தாள்.

“அப்போ நீங்க ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. நான் மட்டும் போறேன்.”

உள்ளே நுழைந்தபோது ஆவுடைச்செல்வி கண்டது, அவள் விட்டுச் சென்ற இருட்டறை அன்று. எல்லா விளக்கும் எரிந்தது. பலகை மறுபடி முன்பக்கம் திரும்பியிருந்தது. துணி இயந்திரத்திலிருந்து வந்த நோட்டுகள், நீர்த்துளி ஒட்டிய அட்டைகளோடு, எல்லார் மடியிலும் விரிந்திருந்தன. பலகையருகே, எழுதுகோலோடு பூர்ணகலா நின்றாள். இது திட்டத்தில் இல்லை. லிஃப்ட் திறந்த ஓசைக்கும் இவர்கள் உள்ளே வந்ததற்கும் இடையில் அந்தப் பதினேழு வயதுப் பெண் தானாகச் செய்தது.

“இங்க என்ன நடக்குது?” என்றாள் அதிகாரி.

“படிக்கிறோம், மேடம்,” என்றாள் பூர்ணகலா, தயங்காத அரபியில். பள்ளியில் கற்றது பாதி, எதிர்வீட்டுச் சிரியாக்காரப் பெண்ணோடு மொட்டைமாடியில் பேசிக் கற்றது பாதி. “இவங்க எல்லாம் என் கிளாஸ் பிள்ளைங்க. கணக்குப் பரீட்சைக்கு இருபத்திரண்டு நாள்தான் இருக்கு.”

“டீச்சர் யாரு?”

“டீச்சர் யாரும் இல்ல. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்றோம். அம்மா டீ போட்டுக் கொடுப்பாங்க. அவ்வளவுதான்.”

அதிகாரி ஆவுடைச்செல்வியின் பக்கம் திரும்பினாள். “நீ என்ன படிச்சிருக்க?”

பத்து முகங்களும் நிமிர்ந்தன. பூர்ணகலா தமிழில் மெதுவாகச் சொன்னாள்: “என்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்காங்கம்மா.”

“பள்ளிக்கூடந்தான்னு சொல்லு.”

“என்ன வேல பாக்குறன்னு கேளு,” என்றாள் அதிகாரி.

அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. “சமையல்,” என்றாள் ஆவுடைச்செல்வி தனக்குத் தெரிந்த அரபியில். “வீடு. வேற ஒண்ணும் தெரியாது, மேடம்.”

ஜெரின் தலையைக் குனிந்துகொண்டான்.

அதிகாரி அபாயாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். “நிறுத்தாதீங்க. நான் வர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்களோ அதையே செய்ங்க. பாக்கணும்.”

பூர்ணகலா ஒரு கணக்கைச் சொல்லி, எழுதுகோலை ஹிபாவிடம் நீட்டினாள். ஹிபா ஹைதராபாத்துக்காரப் பெண். வழிமுறையெல்லாம் தெரியும், கழித்தல் குறியைக் கண்டால் மட்டும் கை தடுமாறும். ஆவுடைச்செல்வி ஆறு மாதமாக அவளோடு போராடிக்கொண்டிருந்தது அந்த ஒரு குறிக்காகத்தான். பகுதி பகுதியாகத் தொகையிட வேண்டிய கணக்கு. முதல் வரி சரி. இரண்டாம் வரியும் சரி. மூன்றாம் வரியில் இரண்டு கழித்தல் குறிகள் சந்தித்துக் கூட்டலாக வேண்டும். ஹிபா ஒரு நொடி நின்றாள். கழித்தல் என்றே எழுதினாள்.

ஆவுடைச்செல்வியின் வலது கை உயர்ந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல அதைத் தோளுக்குக் கொண்டுபோனாள். ஹிபா நான்காம் வரியை எழுதினாள். பிழை வளர்ந்தது. பூர்ணகலாவின் பார்வை பலகையில் இல்லை. பதற்றத்தில் அவள் அதிகாரியின் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பலகையில் கண்டதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நோட்டுகளில், ஒன்பது மூன்றாம் வரிகளில், அதே பிழையின் மை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லுக்கு விலை, மகளின் தேர்வும் கணவனின் வேலையும் பதினெட்டு ஆண்டு வாழ்ந்த வீடும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. சமையல் மட்டும் தெரிந்த பெண்ணொருத்தி பலகையை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்க்க முயன்றாள். பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“போதும்,” என்று எழுந்தாள் அதிகாரி. ஆவுடைச்செல்வியின் குடிமை அடையாள அட்டையை வாங்கி இருபுறமும் பார்த்தாள். எழுதுபலகையில் ஏதோ குறித்தாள். “வாசல் வரைக்கும் வா.”

வாசல் நடைக்குள் வந்ததும், நின்று, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொற்களைப் பிரித்துப் பிரித்துப் பேசினாள்.

“எனக்குக் கணக்கு தெரியாது. அந்தப் பொண்ணு எழுதினது சரியா தப்பான்னும் தெரியாது. நான் பலகையப் பாக்கல. உன் முகத்தப் பாத்தேன். மூணாவது வரி எழுதும்போது உனக்கு வலிச்சுது.”

அதிகாரி அடையாள அட்டையைத் திருப்பி நீட்டினாள்.

“இன்னைக்கு என் பட்டியல்ல இருக்கிறது தடுப்புப் போட்ட வீடுங்க. உன் வீட்டுல தடுப்பு இல்ல. அதைத்தான் எழுதியிருக்கேன். அடுத்த தடவை வேற பட்டியலோட வருவேன். அப்போ உன் பொண்ணு எவ்வளவு அழகா அரபு பேசினாலும் நான் கேக்க மாட்டேன். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

லிஃப்ட் மேலே போயிற்று. அரை மணி கழித்து மஹ்ரூஸ் இன்டர்காமில், வண்டிகள் போய்விட்டன, ஏழாம் எண்ணில் இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள், தன் உயிர் தொண்டைவரை வந்து திரும்பியது என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். பிள்ளைகளை இருவர் இருவராக அனுப்பினாள். கடைசியாக நின்றது ஹிபா.

“மிஸ், என் ஆன்ஸர் புத்தகத்தோட ஒத்துவரல. எங்க தப்பு?”

“பூர்ணாகிட்டக் கேளு.”

“நீங்க சொல்லுங்களேன், மிஸ்.”

“நான் டீ போடுறவ, ஹிபா. கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?”

ஹிபாவின் முகம் சுருங்கியது. சொல்லியிருக்க வேண்டாம் என்று ஆவுடைச்செல்விக்குத் தோன்றியபோது லிஃப்ட் கதவு மூடிவிட்டது.

சங்கரலிங்கம் வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் முழுக்கதையையும் நின்றபடியே கேட்டான். கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“ஒம் மேல ஒண்ணும் எழுதலல்லா?”

“எழுதல.”

“அட்டை நம்பரக் குறிச்சிக்கிட்டாளா?”

“பாத்தா. குறிச்சாளா தெரியல.”

அவன் தரையில் உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தான். ஒரு முடிச்சை அவிழ்க்க அவனுக்கு அவ்வளவு நேரம் ஆனதை அவள் பார்த்ததில்லை.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, எப்படிட்டி அவ்வளவு சரளமாப் பொய் சொன்ன? ஒரு எடத்துல தட்டல, தடுமாறல.”

“லிஃப்ட்ல யாராச்சும் கேட்டா என்ன சொல்லணும்னு வருசா வருசம் பத்துப் பேருக்குச் சொல்லிக் குடுக்கது யாரும்மா?”

சங்கரலிங்கம் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு, மனைவியின் முகத்தைப் பார்த்து, சிரித்ததற்கு வருந்தினான்.

அன்றிரவே பத்து வீடுகளுக்கும் ஆவுடைச்செல்வி தன் கையாலேயே செய்தி அனுப்பினாள்: வகுப்பு இனி இல்லை, இந்த மாதக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஜெரினின் தாய் அழைத்து, கழுத்தளவு தண்ணீரில் கொண்டுவந்து விட்டுவிட்டீர்களே என்று அழுதாள். இன்னொரு தகப்பன், பயமிருந்தால் தொடங்கியிருக்கக் கூடாது என்றான்.  அவன் சொன்னதில் பிழை இல்லை.

மறுநாள் காலை, தோசைக்கல்லுக்கு முன் அவள் நின்றிருந்தபோது பூர்ணகலா வந்தாள். “நான் சொன்னது பொய்யாவே இருக்கணுமாம்மா? நெசமாக்கிருவோம். அவங்க வரட்டும். நாங்களே படிக்கோம். நீங்க டீ மட்டும் போடுங்க.”

“ஒங்களுக்குச் சந்தேகம் வந்தா?”

“நான் ஒங்ககிட்ட வந்து கேட்டுட்டுப் போயி அவங்களுக்குச் சொல்லுதேன்.”

ஆவுடைச்செல்வி கணவனைப் பார்த்தாள். அன்று அவனுக்கு விடுப்பு, காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான். அவன் மறுப்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

“காசு கூடாது. நீ அந்த ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது,” என்றான். ஒரு மிடறு குடித்தான். “மகளுக்குத் தாய் சொல்லிக் குடுக்கதுக்கு எந்த நாட்டுலயும் தடை கெடையாது.”

அப்படியே தொடங்கியது. பிள்ளைகள் பூர்ணாவின் அறையில் உட்கார்ந்தார்கள். செருப்புகள் குளியல் தொட்டிக்குள் போயின. சங்கரலிங்கம் பேருந்திலிருந்து இறங்கியதும் மேலே வராமல், கீழே மஹ்ரூஸின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சூரியகாந்தி விதை கொறித்தபடி தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பான். இருவருக்கும் பொதுவான மொழி இருபது சொல்தான். அதை வைத்துக்கொண்டு கால்பந்து முதல் தங்க விலைவரை பேசினார்கள். மேலே, ஒவ்வொரு முறை லிஃப்ட் நின்றபோதும் ஆவுடைச்செல்வியின் கையிலிருந்த கரண்டியும் நின்றது. அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அதைவிடக் கடினம் வேறு. அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்தது மெல்லிய சுவர். முதல் நாள் கால் மணி நேரத்துக்குள் மூன்று பிழைகள் அவள் காதில் விழுந்தன. இருமுறை அறைவாசல்வரை போய்த் திரும்பினாள். பிறகு புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் போட்டாள். அதன் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. வெங்காயம் நறுக்கினாள், தேவைக்கு மேல் நறுக்கினாள்.

பூர்ணகலா வந்து, சமையலறைக் கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள். “அம்மா, ஒரு சந்தேகம்.” மளிகைச் சீட்டின் பின்புறத்தில் நான்கு வரி. நான்கு நிமிடம். மகள் திரும்பிப் போனாள். அன்று ஆறு தடவை வந்தாள். இரண்டாம் நாள் ஏழு தடவை. ஒருமுறை அவள் சொன்னது மகளுக்கு விளங்கவில்லை; “இப்படிச் சொன்னா நான் அவங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்?” என்று எரிந்து விழுந்தாள். கல்லூரி நாள் முதல் ஒரே விதமாகச் சொல்லிவந்ததை அடுப்பங்கரையில் நின்று வேறு விதமாகச் சொல்லிப்பார்த்தாள் ஆவுடைச்செல்வி.

தேசிய தினம் வந்து போனது. தெருவில் பிள்ளைகளின் நீர்த்துப்பாக்கி ஆரவாரம் அடங்கியது. சந்தேகங்கள் நான்காயின, மூன்றாயின. ஒரு வாரம் முழுவதும் நாளுக்கு ஒன்று.

தேர்வுக்கு முந்தைய நாள் ஐந்து மணிக்கு அவள் விசிறியைப் போட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். பதினொரு கோப்பைகளை நிரப்பித் தட்டை அறைவாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஆறு மணி ஆயிற்று. கதவு திறக்கவில்லை. மளிகைச் சீட்டும் பேனாவும் மேடைமேல் கிடந்தன. பேனாவை எடுத்து, எழுதுகிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்து, வைத்தாள். ஆறரை. மகள் வரவில்லை.

ஏழு மணிக்கு, இத்தனை நாளில் முதல் தடவையாக, ஆவுடைச்செல்வி கைநீட்டி விசிறியை நிறுத்தினாள். சுவரோரம் போய் நின்று கேட்டாள். பிழை ஒன்றுகூடக் காதில் விழவில்லை.